மைசன் பீங்கான் விலங்குகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள மைசன் நகரில், 18-ஆம் நூற்றாண்டு முதல் கையால் வண்ணம் தீட்டிச் செய்யப்படும் பொம்மைகள். வயலின் வாசிக்கும் குரங்கும் மடியேறத் துடிக்கும் பக் நாய்க்குட்டியும் இவற்றில் பெயர்பெற்றவை.

சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் மீது தீராத மோகம். 1717-இல் தம் குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். அதற்கு முன்பே, அவர் காவலில் வைத்திருந்த ரசவாதி பொட்கர், அறிஞர் சிர்ன்ஹவுஸுடன் சேர்ந்து முயன்று, 1708-இல் பீங்கானின் சூத்திரத்தைக் கண்டறிந்தார். 1710-இல் மைசன் ஆலை தோன்றியது.

டிரெஸ்டனில் இருந்த தம் ஜப்பானிய மாளிகையை உயிரளவுப் பீங்கான் மிருகங்களால் நிரப்ப அகஸ்டஸ் ஆசைப்பட்டார். சிற்பி கிர்ஷ்னர் தொடங்கிய இப்பணியில் 1731-இல் சேர்ந்தவர் மற்றொரு சிற்பியான யோகன் யோவாகிம் கென்ட்லர். பெரிய உருவங்கள் சூளையில் வெடித்தன. வண்ணத்துக்காக மறுபடி சுட அஞ்சிப் பலவற்றை வெள்ளையாகவே விட்டார்கள். ஆனாலும் அந்தத் தோல்வி வீண்போகவில்லை. அரண்மனை விலங்குகளையும் பறவைகளையும் நேரில் கவனித்துப் பழகிய கென்ட்லரின் கண், விருந்து மேசைக்கான சிறு பொம்மைகளில்தான் முழுமையாக மலர்ந்தது. 1733-இல் அகஸ்டஸ் மறைந்தபின் அவையே பெருகின.

அவற்றின் உச்சம் 1753-ஐ ஒட்டி உருவான குரங்கு இசைக்குழு. அரசவை உடையும் பொய்முடியும் அணிந்த அந்தக் குரங்குகளைப் பிரான்ஸ் மன்னரின் காதலியான மதாம் பொம்படோரும் 1753-இல் வாங்கினார். 1765-66-இல் கென்ட்லரும் சக சிற்பி ரைனிக்கேயும் குழுவைப் புதுப்பித்தனர். உடை மனிதருடையது, முதுகு வளைவும் விரல் பிடியும் அசல் குரங்கினுடையவை. வேடிக்கைக்கு உயிர் தருவது இந்தத் துல்லியமே.

கை, கால், வால் எனத் தனித்தனி அச்சுகளில் எடுத்த பாகங்களைக் குழைத்த களிமண்ணால் ஒட்டி, ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். உருவம் சுமார் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். பிறகுதான் தூரிகை வேலை. அந்த வண்ணம் நிலைக்கக் குறைந்த சூட்டில் மீண்டும் சூளை.

20-ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் எஸ்ஸர் முதலிய சிற்பிகள் இம்மரபுக்குப் புது வடிவம் தந்தனர். பழைய பொம்மை வாங்குவோர், அடியில் உள்ள மைசன் ஆலையின் நீல வாள் குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதைப் பல ஆலைகள் நகலெடுத்துள்ளன. முகத்திலும் விரல்களிலும் உள்ள தூரிகை வேலையையும் கூர்ந்து பாருங்கள்.