மலைத்தோட்டத்து முதுமையும் மருத்துவமும்: மாத்தளை தரும் வரலாற்றுச் சான்று

நோயுற்றோரைப் பேணும் அறம் ஈழநாட்டிற்குப் புதியதன்று. மிகிந்தலை மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையொன்றின் அடித்தளமும், நோயாளரைக் கிடத்துதற்கென மனித உருவமைப்பிற் குடையப்பட்ட கல் மருந்துத் தொட்டியும் இன்றும் உள. பொலன்னறுவையிலும் முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) காலத்துத் துறவியர் பள்ளியோடு சேர்ந்த வைத்தியசாலையின் அழிபாடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் பொதுவான இயல்பொன்றுண்டு. இவை துறவியர் கூடி வாழ்ந்த இடத்திலேயே அமைந்தன. வயது முதிர்ந்த துறவி மருத்துவனைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வாழுமிடமும் மருத்துவமும் அருகருகே இருந்தன. பிற்காலத்தில் ஒரு சமுதாயம் தன் முதியோரை எவ்வாறு பேணிற்று என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவ்வியல்பு தக்கதோர் அளவுகோலாகும்.

அவ்வளவுகோலைக் கொண்டு மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டங்களை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். உயிர்தப்பி வந்தோர் முத்துமாரியம்மனை வணங்கியதில் வியப்பில்லை. மாரியம்மனை நோய் தீர்க்கும் தெய்வமாகவே அவர்கள் கண்டனர். 1880ஆம் ஆண்டிலேயே புகையிரதப் பாதை மாத்தளையை எட்டிற்று. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் இம்மலைச்சாரல்களில் இடம்பெற்றன. பயிர்கள் மாறினும் லயத்து வாழ்க்கை மாறவில்லை.

தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென அரசினர் சட்டமியற்றியது 1872ஆம் ஆண்டிலாகும். அதனைத் தொடர்ந்த சட்டங்கள் பலவற்றுள் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் குறிப்பிடத்தக்கது. நோயுற்ற தொழிலாளரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு திங்களளவு உணவும் இருப்பிடமும் அளித்தல், கைக்குழந்தைகளைப் பேணுதல் ஆகியவற்றை அது தோட்டத்துரையின் கடமைகளாக்கிற்று. இவை நற்பணிகளே. ஆயினும் சட்டத்தின் நோக்கெல்லை எதுவென ஆராய்தல் வேண்டும். இன்று உழைப்பவனையும், நாளை உழைக்கப்போகும் சேயையும், அச்சேயைப் பெற்ற தாயையும் அது கருத்திற் கொண்டது. உழைத்து ஓய்ந்தவர்பால் அதன் பார்வை செல்லவில்லை. மருத்துவம் உழைப்பைக் காக்கும் கருவியாயிற்றேயன்றி வாழ்நாள் முழுவதற்கும் உரிய உரிமையாகவில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்படும் வரையிலேயே ஒருவர் தோட்டத்தின் கணக்கில் இருந்தார்.

அங்ஙனமாயின் முதியோர் எவ்வாறு வாழ்ந்தனர்? பெரும்பாலும் மக்களோடும் பேரரோடும் ஒரே காம்பிராவில் வாழ்ந்தனர். ஆயினும் அவர்களை வெறும் சுமையெனக் கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கொழுந்தெடுக்கச் சென்ற தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில் தாலாட்டிய கைகள் பலவும் மூதாட்டியரின் கைகளே. மருத்துவிச்சியாக நின்று பேறு பார்த்தவரும், கைமருந்து அரைத்துக் கொடுத்தவரும் அவரே. பிறருக்கு மருத்துவம் செய்தவர்க்கு மருத்துவம் செய்ய ஓர் ஏற்பாடு இல்லாமற்போனதே இவ்வரலாற்றின் முரண்.

விடுதலைக்குப் பிந்திய காலம் இந்நிலையைப் பின்னும் சிக்கலாக்கிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என மக்கள் பங்கிடப்பட்டனர். மகன் ஒரு கரையிலும் தாய் மறு கரையிலும் நிற்க நேர்ந்த குடும்பங்களில், முதியோரின் ஒரே காப்பாகிய குடும்பமே குலைந்தது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் தொழிலாளர்க்குக் கிடைத்த பெரும்பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் மொத்தமாக ஒருமுறை வழங்கப்படுவன. திங்கள்தோறும் வரும் ஓய்வூதியமல்ல. மகளின் திருமணத்திற்கோ வீட்டின் கூரைக்கோ அத்தொகை செலவாகிவிட்டால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வாழ்நாள் முழுதும் வேண்டிய மருந்துக்கு எஞ்சுவது யாது?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றது. 60 வயதடைந்தோரை முதியோரெனக் கொண்டு, தேவையுற்ற பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்று அது விதித்தது. பராமரிப்புக் கோரி முறையிடுதற்கென ஒரு சபையையும் அமைத்தது. உழைப்பைக் கருதாது வயதைக் கருதி உரிமை வழங்கிய சட்டம் இது. ஆயினும் மலைத்தோட்டத்திற்கு இது முழுதும் போதுமானதா? இளையோர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் தொழில் தேடிச் செல்ல, முதியோரும் சிறு குழந்தைகளுமே எஞ்சும் லயங்கள் பல. பிள்ளைகள் கைவிட்டதனாலன்று, பிழைப்புக்காகப் பிரிந்ததனாலேயே இம்முதியோர் தனித்துள்ளனர். இவர்கள் வழக்காட வேண்டியவர்களல்லர். அருகிருந்து துணைசெய்யப்பட வேண்டியவர்கள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவர் அன்று 60 வயதைக் கடந்தவராயிருந்தனர். முதியோர் இல்லங்களை மேலும் மேலும் கட்டுவதே வழியெனச் சிலர் கருதுவர். மாத்தளை வரலாறு வேறொரு வழியைக் காட்டுகின்றது. லயங்களைக் கொண்ட தோட்டமே இன்று முதியோர் கூடி வாழும் ஒரு குடியிருப்பாக மாறியுள்ளது. சேய்களுக்குப் பிள்ளைமடுவம் அமைத்த தோட்டம், அதனருகே முதியோர் பகற்பொழுதைக் கழிக்க ஓரிடம் அமைத்தல் அரிதன்று. குறித்த நாட்களில் மருத்துவர் அங்கு வந்து செல்லின், செங்குத்தான மலைப்பாதையில் இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்கும் துன்பம் ஒழியும். மிகிந்தலையில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கல்லில் நிறுவப்பட்ட நெறியும் அதுவே: மருத்துவம் முதியோரின் வாயிலுக்கு அருகே இருத்தல் வேண்டும்.