ஓணான் ஏறிய பனை

சாண் ஏற முழம் சறுக்கிய கதை என்பார்கள். சாணுக்கு 12 விரல், முழத்துக்கு 24. அப்படியென்றால் பழமொழிக்காரருக்கு நாள்தோறும் 12 விரல் நட்டம். அவர் ஏறவே மாட்டார், மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்.

காரி நாயனார் கொஞ்சம் இரக்கம் உள்ளவர். அவர் எழுதிய பழந்தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் ஓர் ஓந்தி 32 முழப் பனையில் ஏறுகிறது. ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறும், நாலு விரல் இறங்கிவிடும். உச்சிக்குப் போக எத்தனை நாள்?

ஓந்தி வேறொன்றுமில்லை, ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான்தான். இந்தக் கணக்குக்கு ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். கையை விரித்துப் பனையில் வைத்தால் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண். மேல் நுனியிலிருந்து நாலு விரலைச் சேர்த்துக் கீழே படுக்கவைத்தால் சறுக்கல். மிச்சம் 8 விரல். மரம் 768 விரல். வகுத்தால் 96 நாள். முழத்தை ஒன்றரை அடி என்று கொண்டால் மரம் 48 அடி, அசல் பனைதான்.

வகுத்து முடித்தவரிடம் இன்றைய ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார்: உச்சியைத் தொட்ட நாளில் ஓணான் எதற்குச் சறுக்க வேண்டும்? நியாயம்தான். 95 நாளில் 760 விரல். 96ஆம் நாள் எட்டே விரல் ஏறினால் உச்சி. விடை மாறவில்லை! நாளைக்குக் கூடுவது 8, சறுக்குவது 4 என்பதால் பொறியில் சிக்காமல் தப்பிக்கிறது. அதே ஓணான் 8 விரல் சறுக்கியிருந்தால் வெறுமனே வகுத்தவருக்கு 192 நாள் வரும். உண்மையில் 190ஆம் நாளே உச்சி.

இந்தப் பொறியில் பெரிய கையே விழுந்திருக்கிறது. 1202இல் இத்தாலியின் ஃபிபொனாச்சி ‘லிபர் அபாசி’யில் ஒரு சிங்கத்தை 50 சாண் பள்ளத்தில் இறக்கிவிட்டார். (அவர் சொன்னது உள்ளங்கை அளவு, நம் சாண் என்றே வைத்துக்கொள்வோம்.) நாளைக்கு 1/7 சாண் ஏறி 1/9 சாண் சறுக்கும். அவர் சொன்ன விடை 1575 நாள். கடைசி நாளைக் கவனித்திருந்தால் 1572.

அவருக்கும் மூன்றரை நூற்றாண்டு முந்தியவர் மகாவீரர். ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்துச் சமணக் கணிதர். அவருடைய கணித சார சங்கிரகத்தில் 80 அங்குலக் கருநாகம் ஒன்று வளைக்குள் நுழைகிறது. நுழைய நுழைய வால் வளர்கிறது. நாளுக்கு 21 அங்குலம் உள்ளே போகும், 11 அங்குலம் வளரும். எட்டு நாளில் முழுவதும் உள்ளே. மகாவீரரின் நூல் 1912இல் சென்னையில் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

சாணும் விரலும் அதற்குப் பிறகு நெடுநாள் தாங்கவில்லை. 1956இல் அளவைச் சட்டம் வந்தது, பாடநூலில் மீட்டர் ஏறியது. ஓணான் போய்க் குரங்கும் நத்தையும் வந்தன. பனை போய் வழுக்கு மரமும் கிணறும் வந்தன. இப்போது கணக்கு 30 மீட்டர் கிணற்றில் நடக்கிறது: நத்தை பகலில் 3 மீட்டர் ஏறும், இரவில் 2 சறுக்கும். அவசரக்காரர் 30 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நத்தை 28ஆம் நாள் மாலையே கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருக்கும்.