மிடற்றுப் பாடலின் ஆசான்மார்

அவிநாசியப்பரும் கருணாம்பிகையும் அருளாட்சி புரியும் மண்ணில் நிகழும் திருமுறை விழாவுக்காக, குரலிசையை வளர்த்த சபைகளையும் அவற்றின் ஆசான்மாரையும் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். முதலை வாய்ப் பிள்ளையை மீட்ட கதையும், முருகன்பூண்டியில் பறிபோன பொருள் திரும்பிய கதையும் இவ்வூரார்க்குப் பாலோடு புகட்டப்பட்டவை, அவற்றை விடுகிறேன். அங்கே சுந்தரர் அருளிய பதிகங்களைப் பாடும் குரலைப் பழக்கியவர் யார், எப்படிப் பழக்கினார் என்பதே இங்கு நம் கேள்வி. என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தமிழ் மரபில் குரற்பயிற்சி எழுத்துப் பயிற்சியிலிருந்து கிளைத்தது. ஆகவே மிடற்றுக்கு ஆசானாக வந்தவர் எழுத்தின் பிறப்பறிந்தவராக இருந்தார். சபைத் தலைவர்களுள் நம் வணக்கத்துக்கு உரியவரும், அத்தகைய ஆசானைத் தேடிக் கண்டு அவருக்கு இடம் கொடுத்தவரே.

நிரம்பை தந்த உரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியை அரங்கேற்ற வேண்டிய ஆசிரியர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டுகிறது. ஆடலாசானை அடுத்து வருபவன் இசையாசான். யாழும் குழலும் தாளமும் மிடறும் தண்ணுமையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டு வழக்குச் சொற்களின் ஓசையில் அவனுக்குக் கவனம் வேண்டும். கவியின் குறிப்பை உணர்ந்து, வசை வராதபடி மாணவர்க்குக் கொளுத்த வேண்டும். ஆசானுக்கு இனிய சாரீரம் இருக்க வேண்டும் என்று அடிகள் ஓரிடத்தும் கேட்கவில்லை. இக்காலச் சபைகள் ஆசிரியரைத் தேடும்போது முதலில் கேட்பது அதைத்தான்! இந்நூலுக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். பாட்டுப் பிறக்கும் பெருந்தானங்கள் எட்டு என்கிறார்: நெஞ்சு, மிடறு, நா, மூக்கு, அண்ணாக்கு, உதடு, பல், தலை. அங்கே நிகழும் கிரியைகளும் எட்டு: எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு. இனித் தொல்காப்பியப் பிறப்பியலைத் திறந்து பாருங்கள். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்த எழுத்துப் பிறக்கிறது. அங்கும் எட்டு, அதே எட்டு. எழுத்திலக்கணம் வகுத்தவர் காட்டிய உறுப்புகளையே இசையுரைகாரரும் எடுத்துக்கொண்டார். உச்சரிப்பு ஒரு வகுப்பு, குரல் மற்றொரு வகுப்பு என்ற பிரிவு நம்மிடம் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடியார்க்கு நல்லாரின் ஊர் நிரம்பை என்று பாயிரச் செய்யுள் சொல்லும். கொங்கு மண்டல சதகம் அவரை நம் நாட்டவராகவே கொண்டாடுகிறது. அவரை ஆதரித்தவர் பொப்பண்ண காங்கேயர்கோன். இதைக் கொண்டு காங்கேயத்தை உடனே நினைத்து மகிழ்வோர் உண்டு. காங்கேயர் என்பது வேறிடங்களிலும் வழங்கிய பட்டம் என்று மறுப்போரும் உண்டு. மறுப்பில் நியாயம் இருப்பதால் புரவலரின் ஊரை நான் வலியுறுத்தவில்லை. உரையாசிரியரைக் கொங்கு உரிமை கொண்டாடினால் அதைக் குறை சொல்வார் இல்லை. எனக்கு அது போதும். 1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலம்பையும் இவ்வுரையையும் அச்சேற்றியிராவிட்டால் எட்டுத் தானமும் எட்டுக் கிரியையும் ஏட்டோடு செல்லரித்திருக்கும். கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்காமற் போனது, இசைத் தமிழ் இன்னும் ஆற்றிக்கொள்ளாத இழப்பு. அவர் எடுத்தாண்ட நூல்களுள் ஒன்றான அறிவனாரின் பஞ்சமரபைச் சுவடியிலிருந்து மீட்டு 1973-இல் வெளிவரச் செய்தவர் வே.இரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் என்பதையும் கொங்கு நாட்டார் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

நாற்பத்தெண்மர்

திருமுறை கண்ட புராணம் சொல்வதைக் கேளுங்கள். நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் தில்லையில் ஏட்டை மீட்ட பின்பும் பணி முடியவில்லை. பாட்டு கையில் இருந்தது, பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை நாடி, அவர் வாய்வழியே பண்முறை வகுத்துக்கொண்டார்கள். அரசரும் அருளாளரும் ஒரு பாடினியின் முன் மாணவராய் நின்ற இடம் அது. வரலாற்றறிஞர்கள் இதற்குத் தடை கூறுவர். புராணம் பிற்காலத்தது; இராசராசனுக்கு முன்னரே, பல்லவர் காலத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் குறிக்கப்படுகின்றனர்; அப்படியானால் மறைந்தது எது, மீண்டது எது என்பர். கல்வெட்டை மறுக்க முடியாது. பாட்டு அடியோடு மறைந்துவிடவில்லை, ஊருக்கு ஊர் சிதறியிருந்ததை ஒழுங்கில் கொண்டுவந்தார்கள் என்று கொண்டால் இரண்டும் முரண்படா. கதையாகவே வைத்துக்கொண்டாலும், ஏடு மட்டும் போதாது, கற்ற மிடறு ஒன்று வேண்டும் என்று நம் முன்னோர் நம்பியதற்கு அதுவே சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டோ புராணமன்று. திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெட்டுப் பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என ஐம்பது பேரை இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இதுவரை பலரும் எடுத்துச் சொல்வதுதான். பின்வரும் விதியைத்தான் நம்மவர் கவனிப்பதில்லை. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த முறைக்காரர் அந்த நெல்லைப் பெற்றுப் பாடலாம். அவர் தகுதியற்றவரானால், தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவே இல்லையென்றால் எஞ்சியிருக்கும் பாடுவோரே தக்கவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். அரசனின் கல்வெட்டிலேயே உறவைவிடத் தகுதிக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது. யார் தகுதியானவர் என்று முடிவு செய்யும் உரிமை பாடும் கூட்டத்தாரிடமே விடப்பட்டிருக்கிறது. குரலிசைச் சங்கம் ஒன்றுக்கு இதைவிடச் செம்மையான சட்ட திட்டம் வேறு நான் கண்டதில்லை.

நெடுங்காலம் கழிந்து இந்தப் பணியைக் கையிலெடுத்தவர்களுள் ஆபிரகாம் பண்டிதர் தலைமையும் புலமையும் ஒருங்கே வாய்த்தவர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளைத் தஞ்சையில் 1912-இல் தொடங்கிய சங்கீத வித்தியா மகாஜன சங்கத்துக்கே செலவிட்டு, மாநாடு கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். அவர் கிறித்தவர் என்பதால் பண்ணிசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு குறைந்துவிடவில்லை. தமிழிசைச் சங்கத்தை 1943-இல் நிறுவிய அரசர் அண்ணாமலைச் செட்டியாரும், அவருக்குத் தோள் கொடுத்த நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் பாடகர்கள் அல்லர். ஆனால் 1949 முதல் சங்கம் நடத்திவந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களைப் பாடச் சொல்லிக் கேட்டே புலவர்கள் பேசினார்கள். ஓதுவார் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக அமர்ந்தார். தருமபுரம் ப. சுவாமிநாதன் பதிவுகளின் வழியாக வீடுதோறும் பதிகம் ஓதினார். குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகச் சென்று பண்ணைப் பாடிக் காட்டி விளக்கினார். மூவரும் பாடியது ஒலிநயத்துக்காக மட்டுமன்று. சொல் செவியில் தெளிந்து விழவேண்டும் என்பதற்காகவும்தான்.

தடைகளும் விடைகளும்

இன்று ஓதுவார் பாடுவது கருநாடக இராகமே, பழம்பண் போய்விட்டது, பிறகு எந்தத் தொன்மையைப் பேசுகிறீர் என்று கேட்பர். உண்மைதான். சுந்தரரின் அவிநாசிப் பதிகத்துக்குப் பண் குறிஞ்சி, பாடப்படுவது அரிகாம்போதி. பூண்டிப் பதிகத்துக்கும் கொடுமுடி நமச்சிவாயப் பதிகத்துக்கும் பண் பழம்பஞ்சுரம், பாடப்படுவது சங்கராபரணம். இவை பழம்பண்ணின் அச்சு மாறாத உருவம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இராகம் மாறினும் ஓதும் முறை மாறவில்லை. தாளத்தோடு பாடும் பண்ணாங்கம், தாளமின்றிப் பாடும் சுத்தாங்கம் என்ற இரண்டும் இருக்கின்றன. ஓதுவாரிடம் பாடங்கேட்கும் பிள்ளையைக் கூர்ந்து பாருங்கள். செய்யுள் சீர்க்காக ஒரு சொல்லை நடுவில் வெட்டும், அதை வகையுளி என்போம். மூச்சுப் பழகாத பிள்ளை சீர் முடிந்ததும் இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கும். ஒரு சொல் இரண்டு துண்டாகிப் பொருள் கெடும். ஆசான் உடனே கையுயர்த்தி நிறுத்தி, முதலில் இராகமில்லாமல் சொல்லச் சொல்வார். சொல் முழுதாய் வந்த பிறகே பண்ணில் வைப்பார். மூச்சை எங்கே வாங்குவது என்பதை அவர் தீர்மானிப்பது யாப்பையும் பொருளையும் கொண்டுதான். ஆகவே இலக்கணம் தெரியாதவர் அந்த இடத்தில் ஆசானாக நிற்க முடியாது.

மேனாட்டுக் குரற்கலை அறிவியல் சார்ந்தது, நம்முடையது ஊகம் என்பது அடுத்த தடை. மானுவல் கார்சியா என்ற பாட்டாசிரியர் 1854-இல் சிறு கண்ணாடிகளைக் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். மறு ஆண்டு லண்டன் இராயல் சொசைட்டியில் அதை விளக்கினார். போற்றத்தக்க செயல். அடியார்க்கு நல்லாரின் எட்டில் குரல்நாண் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். நாணில் எழும் ஒலி எங்கே முழங்குகிறது, எந்த உறுப்பால் எழுத்தாகிறது என்பதே அவர் கணக்கு. கார்சியாவும் கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பல்லாண்டு பாடகர்களை உருவாக்கியவர். அதுவரை அவருக்கு வழிகாட்டியது செவி. செவியின் தீர்ப்பைக் கருவி விளக்கலாமே தவிர, செவியே தேவையில்லை என்றாக்கிவிட முடியாது.

மைக் இருக்கும்போது மிடற்றுப் பயிற்சி எதற்கு என்ற மூன்றாவது தடையைத் திருப்பூரில்தான் மிகுதியாகக் கேட்கலாம். நிட்டிங் இயந்திரமும் விசைத்தறியும் ஓயாத ஊரல்லவா! மைக் ஒலியைப் பெருக்கும். ளகரத்தை ழகரமாக்கித் தராது. பிழையாகப் பாடினால் அந்தப் பிழையே நான்கு தெருவுக்குக் கேட்கும். மைக் பரவாத நாடக மேடையில் வளர்ந்த நம் கொடுமுடி கே.பி. சுந்தரம்பாளின் பதிவுகளைக் கேட்டால் விளங்கும். உச்சத்தில் நிற்கும்போதும் அவர் ஒரு மெய்யெழுத்தைக்கூட விழுங்கியதில்லை.

பேரூர், சிரவை ஆதீனங்கள் தமிழ் வழிபாட்டுக்குக் கொங்கில் வழி வகுத்துவிட்டன. 2021-இல் மாடம்பாக்கம் கோயிலில் ஒரு பெண் ஓதுவார் அமர்த்தப்பட்டார். பெண் குரல் சந்நிதிக்கு ஆகுமா என்று அப்போது முணுமுணுத்தவர்கள் எருக்கத்தம்புலியூர்ப் பாடினியை மறந்தவர்கள். இம்மலரை வெளியிடும் அன்பர்கள் விழா மேடையோடும் பொன்னாடையோடும் நின்றுவிடலாகாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு ஓய்ந்திருக்கும் பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஞாயிறுதோறும் காலையில் பூண்டியிலோ அவிநாசியிலோ ஓர் ஓதுவாரை அமர்த்திப் பாடம் நடத்துங்கள். பிள்ளைகளிடம் கட்டணம் வேண்டாம். ஓதுவாருக்கு மட்டும், விழா வசூல் கூடினாலும் குறைந்தாலும், மாதம் தவறாத ஊதியம் வைத்துவிடுங்கள். முக்குறுணி நெல் நாள்தோறும் அளக்கப்பட்டது.