எல்ஸ்மியர் ஏரியும் ட்ரௌட் மீனும்

நமக்கு மீன் பிடிப்பது என்றால் பிழைப்பு, இல்லாவிட்டால் சாப்பாடு. ஆனால் பணம் கட்டி உரிமம் வாங்கித் தூண்டில் போட்டுவிட்டு, பிடித்த மீனை விற்கக்கூட முடியாத ஊரும் இருக்கிறது. நியூசிலாந்தில் ட்ரௌட் மீனுக்கு அதுதான் சட்டம்! அந்த மீனால் பெயர் வாங்கி, பிறகு அதை இழந்த ஒரு கடலோர ஏரியின் கதை இது.

கிறைஸ்ட்சர்ச் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது எல்ஸ்மியர் ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலும் கூழாங்கல்லுமாக ஒரு திட்டு. பரப்பு ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர். ஆழமோ சராசரியாக ஒன்றரை மீட்டர்கூட இல்லை. தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். மவோரிகளில் ஙாய் தாஹு இனத்தார் இதை தே வைஹோரா என்பார்கள். 'ராகைஹவுத்துவின் மீன் கூடை' என்று பொருள்படும் பழைய பெயரும் உண்டு. ராகைஹவுத்து, தென்தீவின் ஏரிகளைத் தோண்டியதாக அவர்கள் சொல்லும் முன்னோர். அந்தக் கூடையில் அவர்களுக்கு முக்கியமானது விலாங்கு.

1848ல் ஆங்கில அரசு அந்தப் பகுதி நிலத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கியது. உணவு சேகரிக்கும் இடங்கள் உங்களுக்கே என்று வாக்குக் கொடுத்தார்கள். ஏரி மட்டும் கைவிட்டுப் போனது.

குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஊர் மீன் பிடிக்கவில்லை, இங்கிலாந்து மீன்தான் வேண்டும். (நம் நீலகிரி அவலாஞ்சியில் 1907ல் ட்ரௌட் பொரிப்பகம் வந்ததும் இதே ஆசையால்தான்.) 1864ல் நார்ஃபோக் என்ற கப்பல், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்த சுமார் ஒரு லட்சம் சால்மன் முட்டைகளோடு ஆஸ்திரேலியா வந்தது. கூடவே கடைசி நேரத்தில் சேர்த்த மூவாயிரம் போல ட்ரௌட் முட்டைகள். தாஸ்மேனியாவில் பொரித்த சால்மன்கள் கடலுக்குப் போயின, திரும்பி வரவே இல்லை. ஒட்டிக்கொண்டு வந்த ட்ரௌட் நிலைத்துவிட்டது! அங்கிருந்து 1867ல் முட்டைகள் கேன்டர்பரிக்கு வந்தன. பொரித்துப் பிழைத்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எல்ஸ்மியர் ஏரி ட்ரௌட்டுக்கு வாகாக அமைந்தது. அடியில் அடர்த்தியான நீர்த்தாவரங்கள், அவற்றுக்குள் சின்ன மீன்கள். தின்று கொழுத்து, முட்டையிட செல்வின் ஆற்றில் ஏறும். 1940களில் அப்படி ஏறியவை ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆற்றங்கரையில் தூண்டில்காரர்கள் போட்ட குடில்கள் சிறு குடியிருப்புகளாகவே ஆகிவிட்டன. விலாங்கோ, ட்ரௌட் குஞ்சைத் தின்னும் எதிரி என்று பெயர் வாங்கியது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் வாழ்ந்தவரும் ட்ரௌட் பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இதுதான்.

1968 ஏப்ரல் 10ஆம் தேதி ஒரு பெரும் புயல். வெலிங்டன் துறைமுகத்தில் வஹீனே கப்பலை மூழ்கடித்த அதே புயல்தான் இந்த ஏரியின் நீர்த்தாவரங்களையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. செடி இருந்தவரை அலை அடங்கும். செடி போனதும் காற்றடிக்கும்போதெல்லாம் அடிச்சேறு கலங்குகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, வெளிச்சம் இல்லாமல் செடி முளைக்காது. இந்தச் சுற்றிலிருந்து ஏரி மீளவில்லை.

புயலை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள் பெருகின. உரமும் சாணக் கழிவும் ஏரிக்கு வந்தன, பாசனத்துக்கு நிலத்தடி நீர் போனது. 2017 கோடையில் செல்வின் ஆறு, மக்கள் குளிக்கப் போகும் கோஸ் ஃபோர்டிலேயே வறண்டது. ஆறு இல்லாமல் ட்ரௌட் எங்கே ஏறும்?

கரையோர நிலங்கள் மூழ்காதிருக்க, நீர் உயரும்போது இயந்திரம் வைத்துத் திட்டை வெட்டிக் கடலில் விடுகிறார்கள். முன்பு ஙாய் தாஹு மக்கள் கையாலேயே வெட்டினார்கள். 1998ல் சட்டம் போட்டு ஏரியை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தது ஏரியின் அடித்தரையை மட்டும், மேலே நிற்கும் தண்ணீர் அதில் சேரவில்லை.