சின்னானும் நுகைரும்

மாடம்பாக்கம் ஏரிக்கு அணித்தான ஒரு மக்தபில் மாலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பாலகர். அவர் வளர்த்த ‘நுகைர்’ என்னும் பறவை இறந்துபோக, வாடியிருந்த அப்பிள்ளையிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைப் பெயர் சொல்லி அன்புடன் விசாரித்தார்கள். அவ்விசாரிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

“நுகைருக்குத் தமிழில் என்ன பெயர், ஹஜ்ரத்?” என்றான் ஒரு மாணவன். “குருவிதான்!” என்றான் மற்றொருவன். சன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் கொண்டையுள்ள பறவையொன்று அமர்ந்திருந்தது. அதன் பெயரைக் கேட்டேன். அதற்கும் “குருவி” என்பதே விடை. அவ்விடை என் மனத்தை உறுத்திற்று.

நம் முன்னோர் இவ்வளவு வறியராக இருந்ததில்லை. வீட்டு இறவாணத்தில் தஞ்சம் புகுவதை அடைக்கலக்குருவி என்றனர். பனையோலையில் கூட்டைத் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி; சங்கப் புலவர்களும் அதனைத் ‘தூங்கணங்குரீஇ’ என்றே அறிந்திருந்தனர். இலையோடு இலையைச் சேர்த்துத் தைப்பது தையற்சிட்டு. பூவில் தேன் உண்பது தேன்சிட்டு. ஓயாது வாலை அசைப்பது வாலாட்டி. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பறவையின் தொழிலும் இயல்பும் விளங்கிவிடும். பள்ளிக்கூடம் காணாத பாமரர் செய்த அகராதி இது!

இப்பெயர்களைப் பிறநாட்டாரும் மதித்தனர். சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘இந்தியப் பறவைகள்’ என்னும் நூலில், பறவைகளுக்கு நம் நாட்டார் வழங்கும் பெயர்களையும் சேர்த்தெழுதினார்.

அரபு மொழியிலும் இம்மரபு உண்டு. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் உயிரினங்களின் பெயர்களை அகரவரிசையில் தொகுத்தார். நுகைர் என்பது ‘நுகர்’ என்பதன் குறுமை வடிவம். சிட்டுக்குருவி போன்றது, செந்நிற அலகுடையது என்று அகராதியாளர் அதனை விளக்குவர். மதீனாவாசிகள் அதனைப் ‘புல்புல்’ என்றழைத்ததாகவும் கூறுவர். ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (மறைவு ஹிஜ்ரி 335) இந்த ஒரு ஹதீதிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே இயற்றினார்.

புல்புல் என்னும் சொல்லோ நெடும்பயணம் செய்தது. பாரசீகக் கவிஞர் ரோஜாவுக்காகப் பாடவைத்த புல்புல் வேறு. அது நம் தென்னாட்டில் இல்லை. இந்தியாவில் அப்பெயர் வேறொரு குடும்பப் பறவைக்கு அமைந்தது. தலையில் கறுத்த கொண்டையும் வாலடியில் சிவப்பும் உடைய அதுதான் எங்கள் முருங்கை மரத்தில் இருந்த பறவை!

“உங்கள் உம்மாவின் உம்மாவிடம் இதன் பெயரைக் கேட்டு வாருங்கள்” என்று பிள்ளைகளை அனுப்பினேன். மறுநாள் ஒருவன் கொண்டைக்குருவி என்றான். இன்னொருவன், “சின்னான், ஹஜ்ரத்!” என்றான்.

எனக்கு மெய்சிலிர்த்தது. பறவை வேறாயினும், பெயரிட்ட மனம் ஒன்றன்றோ! அரபியர் குறுமை வடிவில் நுகைர் என்று கொஞ்சியதுபோலவே, தமிழர் சின்னான் என்று கொஞ்சியிருக்கின்றனர்.

இறந்த ஒரு சிறு பறவையின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக வாழ்கிறது. அதனைக் கேட்டவர்கள் அடுத்தவருக்கு அறிவித்தார்கள் என்பதே காரணம். நம் வாசலில் உயிருடன் பாடும் பறவைகளின் பெயர்களோ நம் தலைமுறையில் மடிகின்றன. பெரியோர்களே, இன்றிரவு உங்கள் பேரப்பிள்ளைக்கு ஒரு பெயரேனும் சொல்லிக்கொடுங்கள்.