வானோடிகளும் வேதன ஒப்பந்தங்களும்

1947ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் ‘சீதாதேவி’ என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையினின்றும் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. அந்நிறுவனத்தின் முதலாவது வர்த்தகப் பயணம் அதுவே. இரவு முழுவதும் புகைவண்டியில் இருந்து கொழும்பு செல்லப் பழகிய குடாநாட்டு மக்களுக்குப் பலாலி வெளியில் வந்திறங்கும் ஊர்தி பெரும் வசதியாயிற்று. கட்டணம் எவ்வளவு, பயணநேரம் எவ்வளவு என்பனவே பயணி கேட்கும் வினாக்கள். முன்னறையில் அமர்ந்திருப்போன் எத்தகைய ஒப்பந்தத்தின்கீழ் அவ்வூர்தியைச் செலுத்துகின்றான் என்பதை எவரும் வினவுவதில்லை. ஓட்டுவோன் இன்றியே செல்லும் வானூர்தியொன்றைப் புறநானூற்றுப் புலவர் கற்பனை செய்தனர். அது தேவருலகுக்குச் செல்வது. மண்ணுலகத்து ஊர்திக்கோ ஓட்டுவோனும் வேண்டும். அவனுக்கு வேதனமும் வேண்டும்.

இவ்வேதனத்தை எதனால் அளப்பது என்பது எளிதில் விடைகாணக்கூடிய வினாவன்று. நாளாலா, கடந்த தூரத்தாலா, பறந்த நேரத்தாலா? வானோடிகளின் பிணக்குகளுட் பெரும்பாலானவை வேதனத்தின் தொகையைப் பற்றியனவாகத் தோன்றினும், ஆராயுமிடத்து, அளவுகோலை ஒருதலைப்பட்சமாக மாற்றியதாலும், மாற்றத்தை உரியவருக்கு உரிய காலத்திற் சொல்லாமையாலும் விளைந்தனவே என்பது புலனாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1918இல் விமானத் தபாற் சேவை தொடங்கிற்று. மறு ஆண்டு யூலை மாதத்தில் நியூயோர்க்கை அடுத்த பெல்மொன்ற் பார்க் நிலையத்தில் மூடுபனி கவிந்திருந்தபோது பறக்க மறுத்த வானோடிகள் இருவர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். கட்டளை பிறந்த இடம் பனியில்லாத வாசிங்டன் அலுவலகம். ஏனைய வானோடிகள் வேலையை நிறுத்தினர். சில நாட்களுள் ஏற்பட்ட இணக்கம் சுவையானது: பறக்கலாமா என்பதில் ஐயம் நேரின், நிலைய அதிகாரி தாமே விமானத்தைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும், செலுத்தத் தெரியாதவராயின், வானோடியுடன் தபாற்பெட்டி வைக்கும் இடத்தில் ஏறி அமர்தல் வேண்டும்! நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே கருத்துப் பரிமாற நல்வழி இதனினும் வேறொன்று கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வேக விமானங்கள் வந்ததும் அடுத்த பிணக்கு முளைத்தது. மைற் கணக்கில் வேதனம் பெறுவோனுக்கு வேகம் கூடினால் வருவாயும் கூடும். ஆதலின் முதலாளிகள் 1933இல் மணிக்கணக்குக்கு மாற முயன்றனர். 1931இல் தோன்றிய அமெரிக்க வானோடிகள் சங்கம் அதனை எதிர்த்தது. 1934இல் தேசியத் தொழிற் சபை வழங்கிய 83ஆம் இலக்கத் தீர்ப்பு, சேவைக்காலத்துக்கேற்ற அடிப்படை வேதனம், விமானத்தின் வேகத்துக்கேற்ற மணிவேதனம், தூரவேதனம் ஆகிய மூன்றையும் இணைத்தது. மாதமொன்றுக்கு 85 மணிநேரத்துக்கு மேற் பறத்தலாகாது என வரையறுத்தது. புதிய இயந்திரம் தரும் இலாபத்தில் அதனை இயக்குவோனுக்கும் பங்குண்டு என்பதை ஏற்றமையே இத்தீர்ப்பின் சிறப்பாகும்.

இந்தியாவிலே பிணக்கின் வித்து வேறு வகையில் ஊன்றப்பட்டது. 1953இல் விமான நிறுவனங்களை அரசுடைமையாக்கியபோது வெளிநாட்டுச் சேவைக்கு எயர் இந்தியாவும் உள்நாட்டுச் சேவைக்கு இந்தியன் எயர்லைன்சும் அமைந்தன. அரைநூற்றாண்டுக்கு மேலாக வெவ்வேறு ஒப்பந்தங்களோடு வளர்ந்த இவ்விரண்டையும் 2007இல் அரசு ஒன்றாக இணைத்தது. பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, வேதன ஏடுகள் இரண்டாகவே இருந்தன. ஒரே நிறுவனத்தில் ஒரே தொழிலுக்கு இருவகை வேதனமா என்று கேட்டு, முன்னாள் இந்தியன் எயர்லைன்சு வானோடிகள் 2011 ஏப்பிரல் இறுதியிற் பணிநிறுத்தஞ் செய்தனர். பறந்த மணிக்கே பெரும்பாலும் வேதனம் என்ற முறையில், விமானம் பறவாத மாதத்தில் வருவாய் குன்றும். ஆகவே நிச்சயமான ஒரு தொகை வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. நிர்வாகம் அவர்தம் சங்கத்துக்கான அங்கீகாரத்தை நீக்கிற்று. சிலரை வேலைநீக்கஞ் செய்தது. ஏறக்குறையப் பத்து நாளில் அது ஓய்ந்தபின், நீதியரசர் தர்மாதிகாரி தலைமையிற் குழுவொன்று நியமிக்கப்பட்டது. ஆயின் 2012இல் மறுதரப்பு எழுந்தது. புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சி முன்னாள் இந்தியன் எயர்லைன்சாருக்கும் வழங்கப்படுவதை எதிர்த்து, பழைய எயர் இந்தியா வானோடிகள் 58 நாட்கள் பணிக்கு வரவில்லை. ஐந்தாண்டுகளின் முன், இணைப்புக்கு முந்திய மாதங்களில், இரு சாராரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசியிருப்பின் இவ்வளவு நட்டமும் வந்திராது எனல் மிகையன்று.

அப்பாடம் கற்கப்படவில்லை போலும். 2024இல் விசுத்தாரா நிறுவனம் எயர் இந்தியாவுடன் இணையவிருந்தபோது, 70 மணிநேரத்துக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த வேதனம் புதிய ஒப்பந்தத்தில் 40 மணிநேரமாகக் குறைந்தது. ஏப்பிரல் தொடக்கத்தில் வானோடிகள் பற்றாக்குறையால் விமானங்கள் பல நிறுத்தப்பட்ட பின்னரே நிர்வாகத் தலைவர் அவர்களுடன் பேச அமர்ந்தார்.

இலங்கையில் நிலை சற்று வேறு. எயர் சிலோன் 1949இல் அவுத்திரேலிய நிறுவனமொன்றுடனும், 1956இல் ஒல்லாந்தரின் கே.எல்.எம். உடனும், 1962இல் பிரித்தானிய பி.ஓ.ஏ.சி. உடனும் கூட்டுச் சேர்ந்தது. 1979இல் எயர் லங்கா சிங்கப்பூர் நிறுவனத்தின் துணையுடன் எழுந்தது. 1998 முதற் பத்தாண்டுகள் எமிரேற்சு நிர்வகித்தது. இத்தகைய பெரிய ஒப்பந்தங்களுக்குள் அடங்கியதே வானோடியின் சிறிய ஒப்பந்தம். 2022இலோ ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அதன் பொருள் மாறிற்று. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த மாற்றுவீதம் மே மாதத்தில் 350ஐக் கடந்தது. 2023 சனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் நூற்றுக்கு 36 ஆயிற்று. வானோடியின் அனுமதிப்பத்திரம் உலகெங்கும் மதிக்கப்படுவது. பலர் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர்.

பலாலிக்கு வருவோம். போர்க்காலத்தில் நின்றுபோன அயல்நாட்டுச் சேவை, 2019 நவம்பரில் அலையன்சு எயரின் ஏ.ரி.ஆர். விமானத்துடன் மீண்டது, பெருந்தொற்றால் நின்று, 2022 திசெம்பரில் மறுபடி தொடங்கிற்று. 2024 செத்தெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. பெருந்தொற்றின்போது வேதனத்தைக் குறைத்து, 2022 ஏப்பிரலில் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமான வானோடிகள் சிலரை இடைநிறுத்தியதும் இந்நிறுவனமே. சென்னை–பலாலி வழி ஒரு மணிநேரத்தைச் சற்றுக் கடந்தது. வானோடியின் உழைப்புச் செறிந்திருப்பது ஏறும்போதும் இறங்கும்போதுமே. நெடுந்தூர விமானி ஒருமுறை ஏறி இறங்கிப் பத்து மணிநேரத்தைக் கணக்கிற் சேர்க்க, குறுவழி விமானி அவ்வளவு மணிநேரம் சேர்ப்பதற்கு ஏழெட்டு முறை ஏறி இறங்குதல் வேண்டும். மணிக்கணக்கு ஏட்டில் இவ்வேறுபாடு தெரியாது. 83ஆம் இலக்கத் தீர்ப்பு மணிவேதனத்துடன் அடிப்படை வேதனத்தையும் சேர்த்தே விதித்திருந்தது.