டி செல்களின் பெருக்கத்துக்குக் கடிவாளம்: ஹெப்பகோடி நிறுவனத்தின் மருந்து செயல்படுவது எப்படி?

பெங்களூரு: நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் எப்போது பெருக வேண்டும் என்பதை அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளே பெருமளவில் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்றான சிடி6 ஏற்பியை இலக்காகக் கொண்டது, ஹெப்பகோடியில் இயங்கும் பயோகான் நிறுவனத்தின் இட்டோலிசுமாப் மருந்து.

பிற செல்களில் உள்ள ஆல்கேம் என்ற புரதத்துடன் சிடி6 இணையும்போது, டி செல்லைத் தூண்டும் சமிக்ஞை வலுப்பெறுகிறது. செல்கள் பெருகி, அழற்சியை உண்டாக்கும் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இட்டோலிசுமாப் அந்த ஏற்பியில் ஒட்டிக்கொண்டு பெருக்கத்தைத் தணிக்கிறது. டி செல்களை அழிப்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கியூபாவின் ஹவானாவில் உள்ள மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட இம்மருந்து, 2013-இல் சொரியாசிஸ் சிகிச்சைக்காக இந்தியாவில் அறிமுகமானது.

கரோனா தொற்றில் சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் சுரந்து நுரையீரலைப் பாதித்ததால், 2020 ஜூலையில் இதன் அவசரகாலப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகளுடன் அனுமதி வழங்கப்பட்டது. ஆய்வில் மருந்து பெற்ற பிரிவில் ஒரு மாதத்துக்குள் உயிரிழப்பு இல்லை. மற்றொரு பிரிவில் 3 பேர் உயிரிழந்தனர். எனினும், ஒப்பிடப்பட்டவர்கள் 30 பேர் மட்டுமே. உயிர் காக்கும் முடிவுக்கு அது மிகச் சிறிய எண்ணிக்கை. தேசிய சிகிச்சை நெறிமுறையில் இம்மருந்தைச் சேர்க்க கரோனா தடுப்புக்கான தேசியப் பணிக்குழு இசையவில்லை.